பெல்ஜியத்தில் ஆறு நாள்: இந்த பியருக்கு அடுத்து எந்த பியர்?

முதல் நாள் – பிரஸ்ஸல்ஸ், ஆண்டர்லெக்ட்

பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது கான்டியோன் என்ற பியர் ஆலை. 1900-ல் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய கிடங்கு மாதிரிதான் தெரியும். திறந்திருக்கும் கிழமைகளை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள், வாரம் முழுக்கத் திறந்திருக்காது.

இந்த ஊரில் மெனு அட்டையே ஒரு புத்தகம். டெலிரியம் கஃபே என்ற கடை 2004-ஆம் ஆண்டு 2004 வகை பியரை வைத்திருந்து கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. இவ்வளவுக்கு நடுவே பெயர் பிடித்திருக்கிறது என்றோ, ஆல்கஹால் சதவீதம் அதிகம் என்றோ எடுத்தால் மூன்றாவது கிளாஸில் நாக்கு மரத்துப்போகும். ஆகவே இந்த ஆறு நாளும் ஒரே வழிதான்: இப்போது குடித்த பியரில் ஒன்றே ஒன்று மாறியிருக்கும் பியரை அடுத்து எடுப்பது. வயது மட்டும் மாறட்டும், அல்லது ஈஸ்ட் மட்டும், அல்லது பாத்திரம் மட்டும். எல்லாம் ஒரே நேரத்தில் மாறினால் எந்த ருசி எங்கிருந்து வந்தது என்று பிடிபடாது.

கான்டியோனில் காய்ச்சுவது லாம்பிக். மூன்றில் இரண்டு பங்கு பார்லி மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, மீதி முளைகட்டாத கோதுமை. ஹாப் பூவை இரண்டு மூன்று வருடம் வைத்து மணமும் கசப்பும் தணிந்த பிறகே போடுகிறார்கள். வேண்டாத பாக்டீரியாவை அடக்கி வைக்கும் குணம் பழைய ஹாப்பிலும் மிஞ்சியிருக்கும், அதுதான் இங்கே தேவை. மணிக்கணக்கில் கொதித்த கஷாயத்தைக் கூரைக்குக் கீழே இருக்கும் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் பரப்பி, இரவு முழுக்கத் திறந்தே விடுகிறார்கள். காலையில் 20 டிகிரியை ஒட்டி ஆறியிருக்கும். ஈஸ்ட் என்று தனியாக எதுவும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கூரை மரத்திலும் பீப்பாய்ப் பலகையிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன. நம் இட்லி மாவு பொங்குவதும் பானையில் கள் ஊறுவதும் இதே கதைதான். கோடையில் மாவு சீக்கிரம் புளித்துக் கெடுவது போல, இங்கும் வெயில் காலத்தில் கெட்ட பாக்டீரியா முந்திக்கொள்ளும். அதனால் காய்ச்சுவது குளிர்காலத்தில் மட்டும். இரவு வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் நல்லது. குளிர்காலம் சுருங்கச் சுருங்க, காய்ச்சக் கிடைக்கும் நாட்களும் சுருங்குகின்றன.

மேலே பார்த்தால் ஒட்டடை தொங்கும். யாரும் அடிப்பதில்லை. பழ ஈக்கள் பீப்பாயை மொய்க்காமல் பார்த்துக்கொள்வது அந்தச் சிலந்திகள்தான்.

குடிக்கும் வரிசை முக்கியம். முதலில் ஜாடியிலிருந்து ஊற்றும் தனி லாம்பிக். நுரையே இருக்காது. எலுமிச்சைப் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, ஈர வைக்கோல் வாசனை. அடுத்தது கூஸ்: ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பது. இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரையைக் கிழட்டு லாம்பிக்கில் இருக்கும் ஈஸ்ட் தின்று பாட்டிலுக்குள்ளேயே வாயுவை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் மூலச்சரக்கு ஒன்றே, மாறியது வயதும் வாயுவும்தான். கூஸைக் குடிக்கும்போது புளிப்பு உருண்டையாகி, பின்நாக்கில் ஆப்பிள் தோல் மாதிரி ஒரு ருசி நிற்கும். மூன்றாவதாகக் கிரீக், புளிப்புச் செர்ரி ஊறிய லாம்பிக். லிட்டருக்கு 200 கிராம் அளவில் பழம். இதை முதலில் குடித்தால் தனி லாம்பிக் வெறும் புளித்தண்ணீராகத் தோன்றும்.

பெரிய கூஸ் பாட்டிலைச் சாய்ந்த கூடையில் படுக்கவைத்தே கொண்டுவருவார்கள். பல மாதம் படுத்த நிலையில் கிடந்ததால் மண்டி ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். நிமிர்த்தினால் கலங்கும். படுத்த நிலையிலேயே தக்கையை மெல்லக் கழற்றி, நடுவில் நிமிர்த்தாமல் கிளாஸ் கிளாஸாகத் தெளிவை வடித்து எடுக்க வேண்டும். ஒரு கிளாஸ் ஊற்றி, பாட்டிலை நிமிர்த்தி, மறுபடி சாய்த்தால் இரண்டாம் கிளாஸிலிருந்து எல்லாம் கலங்கல்தான்.

இரண்டாம் நாள் – சென்னெ பள்ளத்தாக்கு, லெம்பேக்

நேற்றைய பியரில் இன்று மாறுவது ஒன்றுதான்: கலப்பவரின் கை. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஹல்லெ பக்கம் போகும் ரயிலில் ஏறினால் லெம்பேக். போன் என்ற மதுவாலை இங்கே. அவர்களுடைய கூஸில் பத்தில் ஒன்பது பங்கு, பதினெட்டு மாதமாவது ஆன மென்மையான லாம்பிக். மீதியில் பாதி அழுத்தமான முதிர்ந்தது, பாதி மிக இளையது. அதனால் கான்டியோனின் கூர்மை இதில் இல்லை, வெண்ணெய் தடவியது போன்ற வழுவழுப்பு இருக்கும். புளிப்பு பியரே வேண்டாம் என்று ஓடுகிறவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதுதான்.

காய்ச்சாமல் கலப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களும் இந்தப் பகுதியில் உண்டு. பக்கத்து ஆலைகளிலிருந்து கஷாயத்தை வாங்கித் தங்கள் பீப்பாயில் ஊறவைத்துக் கலக்கிறார்கள். டில்கின், ஹான்சன்ஸ் இரண்டும் அப்படித்தான். ஒரே கஷாயம் இரண்டு வீட்டில் எப்படி வளர்கிறது என்று பார்க்க இவை நல்ல ஜோடி.

லேபிள் படிப்பதை இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். கூஸ், கிரீக் என்ற சொல்லுக்கு முன்னால் ஓ-யூ-டி-இ (அவுட) என்ற நான்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். டச்சு மொழியில் பழையது என்று பொருள். பிரெஞ்சு லேபிளில் வி-ஐ-இ-ஐ-எல்-எல்-இ என்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லிருந்து பாதுகாக்கும் பெயர் இது. அந்தச் சொல் இல்லாத பாட்டிலில் இனிப்பும் பழச்சாறும் சேர்ந்திருக்க இடமுண்டு. ஒரே ஆலையிலேயே இரண்டும் கிடைக்கும்: லிண்டமன்ஸின் சாதாரண கூஸ் இனிப்பு, அவர்களுடைய குவே ரெனே முழுப் புளிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் அந்த நான்கு எழுத்தின் விலை புரியும்.

பாட்டிலில் உயிருள்ள ஈஸ்ட் இருப்பதால் சூட்டுக்கு மிகவும் பயப்பட வேண்டும். பேர்செலில் இருந்த த்ரீ ஃபோன்டேனன் ஆலையில் 2009-ல் பாட்டில் அறையின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, அறை 60 டிகிரி வரை சூடேறியது. வெடித்தது போக, வெந்து வீணானதும் சேர்த்து ஏறத்தாழ 80,000 பாட்டில் போயிற்று. கடையிலிருந்து வாங்கிய பாட்டிலைக் காரின் பின்பெட்டியில் ஜூலை வெயிலில் விட்டுப் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு: கெட்டி ரொட்டியில் தயிர்போல் இருக்கும் வெள்ளைப் பாலாடைக்கட்டி, மேலே முள்ளங்கி வில்லை, வெங்காயத்தாள். கூஸுக்கு இதைவிடப் பொருத்தம் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் – ஆன்ட்வெர்ப், வெஸ்ட்மால்லெ

புளிப்பிலிருந்து ஈஸ்டின் வாசனைக்கு மாறும் நாள். ஆன்ட்வெர்பில் டி கோனிங்க் பியரை அதன் உருண்டைக் கிளாஸில், பொல்லெக்கெ என்று கேட்டு ஒன்று குடியுங்கள். 5.2 சதவீதம், நாக்கைத் துடைத்துவிடும். பிறகு டுர்ன்ஹவுட் பக்கம் போகும் பஸ்ஸில் வெஸ்ட்மால்லெ, ட்ராப்பிஸ்ட் துறவிகள் பியர் காய்ச்சும் மடம். மடத்துக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. எதிரில் இருக்கும் கஃபே ட்ராப்பிஸ்டன்தான் நமக்கு.

ட்ராப்பிஸ்ட் என்பது ஒரு ருசியின் பெயர் இல்லை. மடத்துச் சுவருக்குள், துறவிகள் தாமாகவோ அவர்கள் மேற்பார்வையிலோ காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்தின் பிழைப்புக்கும் தருமத்துக்கும் போக வேண்டும். அப்படியானால்தான் பாட்டிலில் அறுகோண முத்திரை. பெல்ஜியத்தில் இப்போது ஐந்து: வெஸ்ட்மால்லெ, வெஸ்ட்ஃப்ளெத்தரன், ஓர்வல், ரோஷ்ஃபோர், ஷிமே. அஹெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதால் 2021-ல் அந்த முத்திரையும் போயிற்று. மடத்துப் பெயரும் படமும் போட்ட மற்றவை அபே பியர்கள். லெஃப் லூவன் நகரத்துப் பெரிய ஆலையில் காய்ச்சப்படுவது. அபே பியர் என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம், ஐந்தாம் நாள் அதற்குச் சாட்சி வரும்.

இங்கே மூன்று: எக்ஸ்ட்ரா 4.8, டுப்பெல் 7, ட்ரிப்பெல் 9.5 சதவீதம். ட்ரிப்பெல் பொன்னிறமாக, லேசாக இருப்பது கண்ணை ஏமாற்றும். மால்ட்டோடு சர்க்கரையும் சேர்க்கிறார்கள், சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிடுவதால் வாயில் கனமே தெரியாது. டுப்பெலில் கருஞ்சர்க்கரை, அதனால் உலர்திராட்சை, வெல்லப்பாகு வாசனை. டுப்பெல் குழாயிலும் கிடைக்கும், ட்ரிப்பெல் பாட்டிலில்தான். இரண்டையும் பாதிக்குப் பாதி ஒரே கிளாஸில் ஊற்றிக் கேட்கும் வழக்கம் உள்ளூரில் உண்டு. தனித்தனியாக ஒருமுறை குடித்த பிறகு அதைக் கேளுங்கள்.

ஊற்றுவதைப் பாருங்கள். கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி, ஈரத்தோடு எடுக்கிறார்கள். உலர்ந்த கிளாஸில், அதிலும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால், நுரை ஒன்று பொங்கி வழியும், இல்லை உடனே செத்துவிடும். கிளாஸைச் சாய்த்து, பாட்டிலின் வாய் கிளாஸைத் தொடாமல் ஒரே ஓட்டமாக ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி நுரையை எழுப்புகிறார்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மண்டி பாட்டிலிலேயே நிற்கும். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் மண்டி கலங்கும். மண்டியைத் தனிச் சிறு கிளாஸில் கேட்டால் தருவார்கள். ரொட்டி மாவு வாசனை அடிக்கும் அந்த வாய்தான் ஈஸ்டின் கையெழுத்து, மறக்காமல் குடித்துப் பாருங்கள். ஐந்தாம் நாள் தேவைப்படும்.

நான்காம் நாள் – ப்ரூஜ் வழியாக ரூசெலாரெ

ப்ரூஜில் அதிக நேரம் வேண்டாம். டி ஹால்வெ மான் ஆலை 2016-ல் ஊருக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்து, பியரை வெளியே இருக்கும் பாட்டில் கூடத்துக்கு அனுப்புகிறது. பழைய கல் தெருக்களில் லாரி வராமல் இருக்கத்தான். அங்கே ப்ரூக்ஸெ ஸொட் வடிகட்டாமல் கிடைக்கும், ஒன்று போதும்.

இன்றைய ஊர் ரூசெலாரெ, ப்ரூஜிலிருந்து கோர்ட்ரைக் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. ரோடன்பாக் ஆலையில் நிற்கும் ஓக் மரத்தொட்டிகள் 294. பெரியவை ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். சுற்றிப்பார்க்க முன்பதிவு வேண்டும்.

முதல் நாள் புளிப்பும் இதுவும் ஒன்றில்லை. லாம்பிக் காற்றிலிருந்து தானாக ஊறுகிறது. இங்கே ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்த கலவையை ஆலையே சேர்க்கிறது. பிறகு இரண்டு வருடம் மரத்தொட்டியில் விடுவார்கள். மரம் துளித்துளியாக மூச்சு விடும், அந்தக் காற்றில் வினிகரின் சாயல் ஏறும். தொட்டி சிறிதாக இருந்தால் மரப்பரப்பு விகிதத்தில் கூடி, காற்று அதிகமாகப் புகுந்து நிஜ வினிகராகவே போய்விடும். பெரிய தொட்டிகள் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

இங்கே தேர்வு எளிது. சாதாரண ரோடன்பாக் 5.2 சதவீதம், முக்கால்வாசி புதியது, கால்வாசி ஊறியது. கிராண்ட் க்ரூ 6 சதவீதம், மூன்றில் இரண்டு பங்கு ஊறியது. ஒரே பியர், கலப்பு விகிதம் மட்டும் வேறு. முன்னதிலிருந்து பின்னதற்குப் போனால் மரமும் செர்ரியும் மேலெழுவது தெளிவாகத் தெரியும். தலைகீழாகப் போனால் முன்னது சப்பென்றிருக்கும்.

ஐந்தாம் நாள் – பொப்பரிங்க, வெஸ்ட்ஃப்ளெத்தரன், வாட்டூ

கோர்ட்ரைக்கிலிருந்து வரும் ரயிலின் கடைசி நிலையம் பொப்பரிங்க. ஹாப் விளையும் ஊர். செப்டம்பரில் அறுவடை. மார்ச்சில் வந்தால் ஹாப் குருத்தைச் சமைத்துத் தருவார்கள். பழைய எடைமேடைக் கட்டடத்தில் ஹாப் அருங்காட்சியகம் இருக்கிறது. நிலையத்துப் பக்கம் சைக்கிள் எடுத்துக்கொண்டால் எண் போட்ட கம்பங்களைப் பார்த்தே வெஸ்ட்ஃப்ளெத்தரன் பியர் காய்ச்சும் சிண்ட் சிக்ஸ்டுஸ் மடம் வரை போய்விடலாம். நிலம் மட்டமானது, எதிர்க்காற்று மட்டும் சோதிக்கும்.

மடத்துக்கு எதிரில் இன் டி வ்ரேடெ என்ற கஃபே. விடுமுறை நாளைப் பார்த்துப் போங்கள். மூடியின் நிறம்தான் அடையாளம்: பச்சை என்றால் ப்ளாண்ட், 5.8 சதவீதம்; நீலம் என்றால் எட்டு என்ற பெயருள்ள பியர்; மஞ்சள் என்றால் பன்னிரண்டு என்ற பெயருள்ளது, அது 10.2 சதவீதம். பெட்டியாக வாங்க இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். மறுவிற்பனை கூடாது என்பது மடத்தின் நிபந்தனை. பிரஸ்ஸல்ஸ் கடைகளில் பல மடங்கு விலைக்குத் தொங்கும் பாட்டில்களை வாங்காதீர்கள். துறவிகள் கேட்டுக்கொண்டதை மதிப்பது ஒன்று. எந்தச் சூட்டில், எத்தனை மாதம் கடையில் நின்றது என்று தெரியாமல் வாங்குவது இன்னொன்று.

ஒரு கணக்கு. 33 சென்டிலிட்டர் பன்னிரண்டில் சுமார் 27 கிராம் ஆல்கஹால். 25 சென்டிலிட்டர் சாதாரண பில்ஸ் வகை லேசு பியரில் 10 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் ஒரே மூச்சில் ஒரு பன்னிரண்டைக் குடித்தால் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற சட்ட வரம்பைத் தாண்டிவிடலாம். பெல்ஜியத்தில் இந்த வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. எனவே ஒரு பாட்டிலை இருவர் பகிர்ந்து, பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வைத்துக்கொண்டு ஆற அமரக் குடித்து, நன்றாக நேரம் விட்டுக் கிளம்புங்கள். சில்லென்று குடித்தால் சாக்லெட்டும் அத்திப்பழமும் மூடிக்கொள்ளும். மேசையில் கால்மணி நேரம் நிற்கட்டும்.

இந்தப் பயணத்திலேயே அழகான ஒப்பீடு இங்கேதான். 1946-லிருந்து 1992 வரை இந்த மடத்தின் பியரை உரிமம் பெற்றுக் காய்ச்சியது வாட்டூ கிராமத்து சிண்ட் பெர்னார்டுஸ் ஆலை. உரிமம் முடிந்ததும் பியர் முழுவதையும் மடம் தன் வளாகத்திலேயே காய்ச்சி, வெஸ்ட்மால்லெயிலிருந்து ஈஸ்ட் எடுத்துவர ஆரம்பித்தது. பழைய ஈஸ்ட் வாட்டூவிலேயே தங்கிவிட்டது. ஆக, சிண்ட் பெர்னார்டுஸ் அப்ட் 12-ம் வெஸ்ட்ஃப்ளெத்தரன் பன்னிரண்டும் ஒரு வம்சம், ஈஸ்ட் வேறு. வெஸ்ட்மால்லெயும் வெஸ்ட்ஃப்ளெத்தரனும் வேறு வம்சம், ஈஸ்ட் ஒன்று. மூன்றாம் நாள் மண்டியின் வாசனை நினைவிருந்தால், பன்னிரண்டின் அடியில் அதே ரொட்டி மணம் எட்டிப்பார்ப்பது தெரியும். அப்ட் 12-ல் வாழைப்பழமும் கிராம்பும் தூக்கலாக இருக்கும், இனிப்பும் கொஞ்சம் கூட. அப்ட் எந்தக் கடையிலும் கிடைப்பது, அறுகோண முத்திரை இல்லாதது. பன்னிரண்டு கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் அப்ட் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆறாம் நாள் – ஓர்வல்

நாட்டின் மறு கோடி. பிரஸ்ஸல்ஸிலிருந்து லக்சம்பர்க் ரயிலில் லிப்ராமான், அங்கே மாறி ஃப்ளோரன்வில், பிறகு எட்டு கிலோமீட்டர் போல. பஸ் குறைவு, திரும்பும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மற்ற மடங்கள் பல வகை காய்ச்சும்போது ஓர்வல் வெளியே விற்பது ஒரே ஒரு பியர், 6.2 சதவீதம். ஆனால் அந்த ஒன்றே பலவாக மாறும். முதல் நொதிப்பு சாதாரண ஈஸ்டில். பிறகு ஊறும் தொட்டியில் வாசனைக்காக ஹாப் மறுபடியும் போடுகிறார்கள். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். லாம்பிக்கில் வைக்கோல் வாசனை தந்த அதே குலம். முதல் ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரையை இது மாதக்கணக்கில் மெல்லத் தின்கிறது. இனிப்பு வற்றும், வாயு கூடும், ஹாப் மணம் தணியும், தோல் வார், உலர்புல் வாசனை ஏறும்.

லேபிளில் பாட்டிலடைத்த தேதி இருக்கிறது. காலாவதித் தேதி அதிலிருந்து சரியாக ஐந்து வருடம். ஆகவே ஒரு தேதி அழிந்திருந்தாலும் மற்றதை வைத்துக் கணக்கிடலாம். மூன்று மாதத்துக்குள் என்றால் ஆரஞ்சுத் தோல், நல்ல கசப்பு. ஆறு மாதத்தில் இரண்டும் சமமாக நிற்கும், எங்கள் தேர்வு இதுதான். வருடம் தாண்டினால் வறட்சியும் பண்ணை வாசனையும். கஃபேயில் இளசா முதிர்ந்ததா என்று கேட்டு வாங்கலாம். பழைய பாட்டிலைக் குளிர்விக்காமல் திறந்தால் பாதி மேசையில் போகும். நிமிர்த்தி வைத்து, 12 டிகிரிக்கு ஆறவிட்டுத் திறக்க வேண்டும். மடத்துக்கு அருகே அன்ஜ் கார்தியன் கஃபேயில் துறவிகள் தங்களுக்காகக் காய்ச்சும் மெல்லிய ஓர்வலும் கிடைக்கும், வேறெங்கும் கிடைக்காது. முதலில் அது, பிறகு இளசு, பிறகு முதிர்ந்தது.

சென்னைக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: தீர்வையில்லாமல் தலைக்கு இரண்டு லிட்டர். ஆறு 33 சென்டிலிட்டர் பாட்டில் 1.98 லிட்டர், சரியாக அடங்கும். ஆனால் அதில் ஒன்றை 37.5 கூஸாக மாற்றினால் 2.025 ஆகித் தாண்டிவிடும். அதனால் பட்டியல் இப்படி: அடைத்த தேதி ஆறு மாதம் விலகிய இரண்டு ஓர்வல், ஒரு வெஸ்ட்மால்லெ ட்ரிப்பெல், ஒரு அப்ட் 12, ஒரு 37.5 போன் அவுட கூஸ், மிச்சத்துக்கு 25 சென்டிலிட்டர் ஸேஸோன் டுப்போன். 1.945 லிட்டர். கடைசியாகச் சொன்னது இந்தப் பாதையில் வராதது, எனோ மாநிலத்து டூர்ப் கிராமத்தில் காய்ச்சுவது, 6.5 சதவீதம். ஓர்வலின் வறட்சி பிடித்தவர்களுக்குக் காட்டு ஈஸ்ட் இல்லாமலே அந்த வறட்சி எப்படி வருகிறது என்று காட்டும். ஒவ்வொன்றையும் காலுறைக்குள் நுழைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் துணிக்குள் வையுங்கள். ஊர் போனதும் நிமிர்த்தி, இருட்டில், ஒரு வாரம் தொடாமல் விட்டால் மண்டி படிந்துவிடும். முதலில் திறக்க வேண்டியது ட்ரிப்பெல்.